வால் நட்சத்திரம் வந்து பொரிக்கார ஆராயி ராஜா ஆன கதை

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு, கண்ணு. பேரு வீரபூபதி. வீரமெல்லாம் பேரோட சரி. ம் சொல்லணும், சொல்லலேன்னா கதை நடுவழியில நின்னுக்கும்.

ம். அந்த ராஜாவுக்கு எதுக்கெடுத்தாலும் ஜோசியம் பாக்கணும். தும்மல் வந்தாக்கூட ராகுகாலம் போகட்டும்னு மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. திங்கக்கிழமை கெழக்க சூலம்னு மேற்கு வாசல் வழியா கெளம்பி, ஊரையே ஒரு சுத்து சுத்தி, கெழக்க நாலெட்டுல இருக்கிற கொளத்துக்குப் போயிக் குளிப்பாரு. வீடு வந்து சேர்றதுக்குள்ள குளிச்சதெல்லாம் வேர்வையில போயிடும்.

அவருக்கு ஒரு அரமனை ஜோசியரு, நாகலிங்கம்னு. ஊருக்கே ஜாதகம் எழுதினது அவருதான். எல்லா ஜாதகத்துலயும் ‘ஆயுசு எண்பது’ன்னு போட்டுடுவாரு. அப்பத்தானே சந்தோசத்துல ரெண்டு படி அரிசி கூட வரும்? ஆனா பாரு, அந்த மனுசன் வாயிலருந்து வந்தது ஒண்ணுகூட அதுவரைக்கும் பலிச்சதில்ல. மழைன்னா வெயில் பொளக்கும். ஆம்பளப் புள்ளைன்னா பொண்ணு பொறக்கும். அவருக்கே உள்ளுக்குள்ள அது ஒரு கொறை.

அந்த ஊர்ல ஜாதகமே இல்லாத ஆளு ஒருத்திதான். பொரி வறுக்கிற ஆராயி. “நான் பொறந்த நேரம் எங்கம்மாவுக்கே தெரியாது, அடுப்புல பொரி கருகினதுதான் அவளுக்கு ஞாபகம்”னு சிரிப்பா. ஜோசியருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஏன் தெரியுமா? அவ கல்யாணத்துல அம்மி மிதிச்சு முடிச்சதும், இவரு பட்டப்பகல்ல வானத்தைக் காட்டி, “அதோ அருந்ததி, தெரியுதா?”ன்னாரு. எல்லாப் பொண்ணுங்களும் தெரியுதுன்னு தலையாட்டிட்டுப் போகும். இவ கண்ணை இடுக்கி இடுக்கிப் பாத்துட்டு, “ஒரு காக்காதான் சாமி தெரியுது”ன்னுட்டா. பந்தலே கொல்லுனு சிரிச்சிடுச்சு.

அப்புறம் ஒருநாள், கோழி கூவறதுக்கு முன்னாடி, ஆராயி சட்டியில மணலைப் போட்டுச் சூடு பண்ணிக்கிட்டிருந்தா. பொரி பட பட படனு வெடிக்குது. நிமிந்து பாத்தா, கெழக்க வானத்துல நீளமா, வெள்ளையா ஒண்ணு. “யாருடி இது, வானத்தைக் கூட்டிட்டுத் தொடப்பத்தை அங்கயே சாத்தி வச்சிட்டுப் போனது?”ன்னா.

விடிஞ்சதும் அரமனையில ஒரே கூச்சல். ஜோசியர் ஓலையைப் பொரட்டினாரு, சரக் சரக். “மகாராஜா, அது வால் நட்சத்திரம். வால் நட்சத்திரம் மொளைச்சா, ஆளற ராஜா ஆசனத்தை எழந்துடுவாரு. எழுதியிருக்கு!”ன்னாரு.

ராஜா கிரீடத்தை ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. “பரிகாரம்?”

“செவ்வா தோசம்னா வாழைமரத்துக்குத் தாலி கட்டி, அப்புறம் மரத்தை வெட்டிடறோம்ல? அதேதான். ஆசனத்துல வேற ஒண்ணை ஒக்கார வைங்க. தோசம் அதும்மேல போயிடும். வால் நட்சத்திரம் மறைஞ்ச அன்னிக்கு அதை வெட்டிட்டு நீங்க ஏறி ஒக்காந்துக்கலாம். ஆனா ஒண்ணு, பேருக்கு வச்சா கெரகம் ஏமாறாது. நெசமாவே பட்டாபிசேகம் பண்ணணும்.”

மொதல்ல ஒரு வாழைமரத்தைக் கொண்டாந்து நட்டு, கிரீடம் வச்சு, ஊரே விழுந்து கும்புட்டுச்சு. சாயங்காலம் ஒரு ஆடு வந்து ராஜாவை மொசுக் மொசுக்னு தின்னுட்டுப் போயிடுச்சு.

ரெண்டாவதா ஒரு கழுதை. கிரீடத்தைக் கட்டிவிட்டு, மேளத்தை டம்முனு தட்டினாங்க பாரு, மெரண்டு போன கழுதை கிரீடத்தோட பக்கத்து ராஜ்யத்துக்கே ஓடிப்போச்சு. அங்க அதையே ராஜாவா வச்சுக்கிட்டாங்களாம். யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையாம்.

சிரிச்சது போதும், படு. ம்.

“மனுசனைத்தான் வைக்கணும்”னாரு ஜோசியர். ஆனா யாரை? யாரை வெட்டினாலும் அவரு எழுதின எண்பது வயசு பொய்யாயிடுமே! மண்டையைச் சொறிஞ்சு சொறிஞ்சு யோசிச்சாரு. அப்போ ஞாபகம் வந்துச்சு. “ஆராயிக்கு ஆயுசு இவ்வளவுன்னு யாரும் எழுதல. அவளை வெட்டினா சாஸ்திரத்துக்கு ஒரு கெடுதலும் இல்ல.”

பொரிச் சட்டியை எறக்கக்கூட விடல. ஆராயியைத் தூக்கிட்டுப் போயி, புதுசா ஒரு கிரீடம் டங் டங்னு தட்டி, தலையில வச்சாங்க. முத்திரை மோதிரம், செங்கோல் எல்லாம் குடுத்து, “இனி இந்த ஆராயிதான் எங்க ராஜா”ன்னு ஊரே சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுச்சு. பழைய ராஜாதான் மொதல்ல அணைச்சாரு.

ஆராயிக்கு ஒண்ணும் புரியல. எல்லாரும் அவளை மாலை போட்ட கெடாயைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க. வாசக்காவக்காரன்கிட்ட, “என்னப்பா சேதி?”ன்னு கேட்டா. அவன் கீழ பாத்துக்கிட்டே, “வால் மறைஞ்ச அன்னிக்கு ஒங்களை வெட்டிடுவாங்க, தாயி”ன்னான்.

அன்னிக்குப் பூரா அவ சிம்மாசனத்துல ஒக்காந்து அழுதா, கண்ணு. ராஜாவா இருந்தா என்ன, உசுருன்னா எல்லாருக்கும் வெல்லம்தானே. அப்புறம் தினமும் விடியக்காலையில மாடிக்குப் போயி அந்த வாலை அளந்து பாப்பா. மொதல்ல ஒரு மொழம் இருந்துச்சு. பத்து நாள் கழிச்சு ஒரு சாண். அப்புறம் ஒரு வெரல். வாலு கொறையக் கொறைய அவளுக்குச் சோறு எறங்கல. ஓடிப் போகலாம்னா வாசலுக்கு வாசல் காவல். அழுது அழுது அலுத்துப்போயி, கடைசியில யோசிக்க ஆரம்பிச்சா.

நாப்பதாவது நாளு வானத்துல ஒண்ணுமில்ல. தொடைச்ச மாதிரி இருக்கு. இருட்டோட இருட்டா ஊரே அரமனை முத்தத்துல கூடிடுச்சு. காவக்காரன் அருவாளைத் தீட்டறான், சர்ர் சர்ர். பழைய ராஜா புது வேட்டி கட்டிக்கிட்டு ஆசனத்துக்குப் பக்கத்துலயே நிக்கறாரு.

ஆராயி ஆசனத்துல நிமிந்து ஒக்காந்தா. “ஜோசியரே, வெட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி. ராஜா கேக்கறேன், சொல்லணும்”னா.

“கேளுங்க ராஜா.” சத்தியம் பண்ணியாச்சே, அப்படித்தானே சொல்லியாகணும்?

“வால் நட்சத்திரம் மொளைச்சா என்ன ஆகும்னீரு?”

“ஆளற ராஜா ஆசனத்தை எழப்பாருன்னேன்.”

“அது மொளைச்ச அன்னிக்கு ஆண்டுக்கிட்டிருந்தது யாரு?”

“இதோ நிக்கறாரே, வீரபூபதி.”

“நாப்பது நாளா அவருக்கு ஆசனம் இருக்கா?”

ஜோசியர் ஆசனத்தைப் பாத்தாரு, பக்கத்துல நிக்கற வீரபூபதியைப் பாத்தாரு. ஆராயியே தொடந்து சொன்னா.

“இல்லைன்னா நீரு சொன்னது பலிச்சிடுச்சு. தோசம் வந்த வேலையை முடிச்சிட்டுப் போயிடுச்சு, வெட்டறதுக்கு ஒண்ணும் பாக்கியில்ல. இருக்குன்னா, நீரு சொன்னது பொய்யி. அப்பவும் வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல. எதுன்னு ஊருக்கு முன்னாடி நீரே சொல்லும்.”

ஊரே ஜோசியர் வாயைப் பாக்குது. பழைய ராஜா, “பொய்யின்னு சொல்லுமய்யா, பொய்யின்னு சொல்லும்”னு அவரு துண்டைப் புடிச்சு இழுக்கறாரு. ஆனா நாகலிங்கத்துக்கு அது காதுலயே விழல. அறுவது வருசத்துல மொத மொதலா ஒண்ணு பலிச்சிருக்கு! கண்ணுல தண்ணி பொல பொலனு கொட்டுது. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, “பலிச்சிடுச்சு! பலிச்சிடுச்சு! நான் சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு!”ன்னு குதிக்கறாரு.

“அப்ப நானு?”ன்னாரு வீரபூபதி.

“நீங்க ஆசனத்தை எழந்துட்டீங்க மகா... வீரபூபதி அய்யா. எழுதினபடி.”

ஜோசியர் சொன்னதை ஒருநாளும் தட்டாத மனுசன், அன்னிக்கும் தட்டல. சரின்னு ஒரு ஓரமாப் போயி நின்னுக்கிட்டாரு. காவக்காரன் அருவாளைத் தூக்கித் தூரப் போட்டான், டங்குனு.

ஆராயி அப்பத்தான் ஆசனத்துல நல்லாச் சாஞ்சு ஒக்காந்தா. மொத உத்தரவு போட்டா. “நாப்பது நாளா வானத்தைப் பாத்துப் பாத்து ஊரே தூங்கல. எல்லாரும் போயித் தூங்குங்க.”

ஊரே தூங்குச்சு. வீரபூபதி கர்ர்ருனு கொறட்டை விட்டாரு. எழக்கறதுக்கு ஒண்ணுமில்லாத ஆளை எந்தக் கெரகம் என்ன பண்ணும்? ஆராயியும் தூங்கினா. தூங்காதது ஒருத்தர்தான், நம்ம ஜோசியரு. ஒண்ணு பலிச்சிடுச்சுல்ல, நாளைக்கு ஊரே வந்து அடுத்தது என்னன்னு கேக்குமே! அவரு இன்னமும் பொரண்டு பொரண்டு படுத்துக்கிட்டிருக்காரு.

கதை வாசலைச் சாத்தியாச்சு. ராஜா உத்தரவு ஒனக்கும் சேத்துத்தான், கண்ணை மூடு.