நெருப்புக்குள் போன சாமி

பாரசீகப் பேரரசன் ஒருவன் நாடுகளைப் பிடித்தான். பிடித்த கையோடு, பழைய அரசர்கள் கொள்ளையடித்து வைத்திருந்த சாமி சிலைகளை எல்லாம் அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னான். எவருடைய சாமிக்குக் கேடு செய்தாலும் செய்தவனின் வலது கை போகும் என்று ஆணையும் போட்டான்.

அர்தவான் என்ற குருவின் நெருப்புக் கோயில் கிடங்கில் அப்படி ஒரு மரச்சிலை கிடந்தது. ஆற்றுநாட்டுப் படகோட்டிகளின் சாமி. அதை வாங்கிப்போக இத்தின் என்ற படகோட்டி பதினெட்டு நாள் நடந்து வந்து வாசலில் நின்றான்.

சிலையை எடுத்து வரும்படி அர்தவான் சீடன் பகதாத்திடம் சொன்னார். பகதாத்துக்குத் தாடி நரைத்தும் வீம்பு குறையவில்லை. அவன் நகராமல் நின்றான். அந்நியர் சாமிக்கு இங்கே என்ன இடம் என்று முந்தின நாளே அதைப் பிளந்து புனித நெருப்பில் போட்டுவிட்டதாக மெல்லச் சொன்னான்.

அர்தவான் அதிர்ந்துபோனார். மூச்சுக்காற்று பட்டாலும் நெருப்புக்குத் தீட்டு என்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு விறகு போடுகிறவன், ஓர் ஊரின் சாமியையே விறகாகப் போட்டிருக்கிறான்.

"கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள், குருவே. என் கை தப்பும்."

அர்தவானுக்கு இது இன்னொரு அடி. இத்தனை வருடம் கூட இருந்தவன் தன்னையே பொய் சொல்லச் சொல்கிறான். அவர் நேரே வாசலுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

இத்தின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாமி எரிந்த இடத்தை ஒருமுறை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டான்.

அந்நியர் எவரும் அந்த நெருப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. அர்தவான் தன் வாய்த்துணியை அவிழ்த்து அவன் வாயில் கட்டினார். கையைப் பிடித்துக் கருவறைக்கு அழைத்துப் போனார்.

பகதாத் ஓடி வந்து கதவை மறித்தான்.

"குருவே, அந்நியன் உள்ளே வரக் கூடாது."

"வழி விடு."

"என் கையை வேண்டுமானால் வெட்டட்டும். இவன் காலை உள்ளே வைக்கக் கூடாது."

அர்தவான் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இவருடைய சாமியை உள்ளே அனுப்பியது நீதானே, பகதாத்? கும்பிட வந்தவரை மட்டும் ஏன் வெளியே நிறுத்துகிறாய்?"