பனிக்கு முந்திய தோட்டம்

மழையெல்லாம் மறுபக்கத்திலேயே பெய்து தீர்ந்துவிடும் உயரமான மலை ஒன்றின் காட்டில், பூளை என்ற பெண் முயலும் அவள் கணவன் வரகனும் புதிதாகக் குடிவந்தார்கள். அவர்கள் பிறந்து வளர்ந்த காடு கீழே இருந்தது. அது தீப்பிடித்து எரிந்து கரிக்காடாகிவிட்டது. தப்பி ஓடும்போது வரகன் எடுத்து வந்தது ஒரு சுரைக்குடுக்கை மட்டும்தான். அதில் அவரை, பூசணி, வெள்ளரி, முள்ளங்கி, கீரை என்று எல்லா விதைகளும் இருந்தன.

வரகன் எதையும் நிதானமாகச் செய்பவன். பூளைக்கோ எல்லாம் உடனே நடக்க வேண்டும். இப்போது அவள் வயிற்றில் குட்டிகள் வேறு இருந்தன.

தை மாதத்தின் நடுவில் வெயில் சுளீரென்று அடித்தது. பூளை வளையை விட்டு வெளியே வந்து சோம்பல் முறித்தாள்.

"பனிக்காலம் போய்விட்டது. இன்றைக்கே தோட்டம் போடலாம்" என்றாள்.

"பக்கத்து வளை முள்ளம்பன்றியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். இந்த மண்ணும் காற்றும் நமக்குப் புதிது" என்றான் வரகன்.

முள்ளம்பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. அது இனிக்க இனிக்கப் பேசாது. இருப்பதைச் சொல்லும்.

"இந்த மேட்டில் பகல் வெயிலை நம்பாதீர்கள். பகலில் காயும், விடியலில் உறையும். மாசி கழியட்டும். அதற்குப் பிறகும் திறந்தவெளியில் போட வேண்டாம். பாறையடியில் போடுங்கள். பாறை பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் வைத்திருக்கும், காற்றையும் மறைக்கும். ஊற்றில் கசிகிற நீர் சின்னப் பாத்தி ஒன்றுக்குத்தான் காணும்" என்றது.

திரும்பி வரும் வழியெல்லாம் பூளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாசி கழிவதற்குள் குட்டிகள் பிறந்துவிடும். நான் பச்சையாக ஏதாவது தின்றால்தானே பால் ஊறும்? இந்தக் காய்ந்த புல்லைத் தின்று என்ன ஊறப் போகிறது?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வரகன் யோசித்தான்.

"சரி, கொஞ்சம் விதைப்போம். பாதியைக் குடுக்கையிலேயே வைப்போம்."

"பாதியை விதைத்துவிட்டு நாம் எத்தனை பேர் தின்பது?"

"பூளை, இந்த விதை போனால் இங்கே வேறு விதை கிடையாது" என்று சொல்லிவிட்டு, அவன் வளைக்குள் விரிக்கப் புல் கொண்டுவரப் போனான்.

அவன் வரும்வரை பூளையால் பொறுக்க முடியவில்லை. சரிவுக்கு நடுவே சமதளமாக ஓர் இடம் இருந்தது. காலையிலிருந்து மாலைவரை அங்கே வெயில் விழும். கீழ்க்காட்டில் அவள் அம்மா போட்டிருந்த தோட்டத்தைப் போலவே அதைக் கீறி, அகலமாகப் பாத்தி கட்டினாள். கை நிறைய அள்ளி விதைத்தாள். குடுக்கையைக் கவிழ்த்துத் தட்டிக் கடைசி விதையையும் போட்டு மண்ணை மூடினாள்.

வரகன் வந்து காலிக் குடுக்கையைப் பார்த்தான். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நீர் மொள்ளப் போனான்.

அன்றிலிருந்து அவன் ஓய்ந்து உட்காரவே இல்லை. அவ்வளவு பெரிய பாத்திக்கு ஊற்று நீர் போதவில்லை. அவன் நடந்து நடந்து ஊற்றினான். பாதி மண் நனைவதற்குள் மறுபாதி காய்ந்துவிடும். இருந்தும் முளைத்தது. அவரை இரண்டு இலை விட்டது. பூசணி மண்ணைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"பார்த்தீர்களா? நான் சொன்னேன் இல்லையா?" என்று பூளை பெருமையாகச் சிரித்தாள். வரகனும் சிரித்தான்.

மாசி பிறந்த புதிதில் ஒருநாள் வானத்தில் ஒரு துளி மேகமும் இல்லை. காற்றும் நின்றிருந்தது. மறுநாள் விடிந்ததும் பூளை தோட்டத்துக்கு ஓடினாள். தரையெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடந்தது. அவரை இலையைத் தொட்டாள். அது விறைத்திருந்தது. வெயில் ஏற ஏறப் பனி உருகியது. முளைகள் எல்லாம் கறுத்துத் துவண்டு மண்ணில் படுத்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பூளை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வரகன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் தன்னைத் திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவன் திட்டவில்லை.

"ஆற்றங்கரையில் என் அத்தை இருக்கிறாள். அவளிடம் விதை இருக்கும். போய் வாங்கி வருகிறேன்" என்றான்.

"எரிந்த காட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லையே. மேலே கழுகு சுற்றிக்கொண்டே இருக்கும்."

"ஓடிவிடுவேன்."

"நானும் வருகிறேன்."

"இந்த வயிற்றோடு உன்னால் ஓட முடியாது. நீ இரு."

அவன் குடுக்கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினான். பூளை அவன் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

குட்டிகள் பிறந்தன. பால் போதாமல் இரண்டு குட்டிகள் இறந்தன. இரண்டு பிழைத்தன. முள்ளம்பன்றி தான் தோண்டிய கிழங்கில் பாதியைத் தினமும் வளை வாசலில் போட்டுவிட்டுப் போயிற்று. வரகன் வரவில்லை.

மாசி கழிந்த பிறகு கௌதாரி ஒன்று கீழேயிருந்து வந்தது. கௌதாரிக்குப் பொய் சொல்ல வராது. அது ஒரு குடுக்கையைக் கயிற்றோடு அலகில் கவ்வி இழுத்து வந்து பூளையின் முன்னால் வைத்தது.

பூளை குடுக்கையைப் பார்த்தாள். "போகும்போதா, திரும்பும்போதா?" என்று கேட்டாள்.

"திரும்பும்போது. கழுகு இறங்குவதைப் பார்த்ததும் இதைக் கற்களுக்கு இடையில் தள்ளிவிட்டான். அதற்காக நின்றதில்தான் பிடிபட்டான்" என்றது கௌதாரி.

பூளை குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். குட்டிகள் பசியில் கத்தும்வரை அழுதாள்.

பிறகு எழுந்து முள்ளம்பன்றியிடம் போனாள்.

"அண்ணே, இப்போது விதைக்கலாமா?"

"இன்னும் நாலைந்து நாள் பொறு."

பொறுத்தாள். பாறையடியில் சின்னதாக, தாழ்வாக ஒரு பாத்தி வெட்டினாள். காற்று வரும் பக்கத்தில் கல் அடுக்கினாள். ஊற்று ஒரு நாளைக்கு எவ்வளவு கசிகிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற அளவே விதைத்தாள். ஈரம் காயாமல் இருக்க உலர்ந்த புல்லைப் பரப்பினாள். பாதி விதையைத் தனியாக எடுத்து வைத்தாள்.

அவரை படர்ந்தது. முள்ளங்கி பருத்தது. குட்டிகள் கீரையை மென்றுகொண்டே தோட்டத்தைச் சுற்றி ஓடின.

ஒருநாள் மூத்த குட்டி வளைக்குள் இருந்த விதைகளைப் பார்த்துவிட்டு வந்தது.

"அம்மா, அதையும் போட்டால் இன்னும் நிறையக் காய்க்குமே?"

"அது இருக்கட்டும்."

"ஏன் அம்மா?"

பூளை அவரைக்கொடியைக் கல்லின் மேல் எடுத்துவிட்டாள்.

"மறுபடி போய் வாங்கிவர யாரும் இல்லை" என்றாள்.

நீதி: விதைக்கும் முன் இடத்தையும் காலத்தையும் நீரையும் கேட்டுத் தெரிந்துகொள்; இல்லையென்றால் ஒருவர் அவசரத்தின் விலையை மற்றொருவர் கொடுக்க நேரும்.