கீறல் விழாத பெட்டி

ஆலங்காட்டின் பொதுப் பள்ளிக்கு எறும்புத்தின்னிதான் தலைமை ஆசிரியை. கொக்கு ஒன்று உடனிருந்து பாடம் நடத்தியது. மான்குட்டி, அணில்பிள்ளைகள், காட்டுப்பன்றிக் குட்டிகள் என்று யார் வந்தாலும் அங்கே இடம் உண்டு. கட்டணம் கிடையாது.

ஒருநாள் அதிகாரிக் கரடி ஒரு பேசும் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தது. பாறைமேல் வைத்து வெயில் படும்படி திருப்பியது. பெட்டியின் முகம் ஒளிர்ந்தது.

"குழந்தைகளே, எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டது பெட்டி.

"உள்ளேன் அம்மா!" என்று காடே அதிரக் கத்தின குட்டிகள்.

கரடி எறும்புத்தின்னியை ஓரமாக அழைத்தது. "இது வெயிலைத் தின்னுதான் பேசும். தினமும் வெளியே வையுங்க. கடலைக் காட்டும், மலைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டும். சிங்க ராஜா கொடுத்தது. ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

எறும்புத்தின்னியின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் ஏறியது. முன்பு தலைமையில் இருந்த முயல், பள்ளி மணியை உடைத்ததற்காக வேலை இழந்தது நினைவுக்கு வந்தது.

கரடி போனதும் எறும்புத்தின்னி பெட்டியைத் தன் குகைக்குள் கொண்டுபோய்ப் பாசியால் சுற்றியது. அதைச் சுற்றித் தானும் சுருண்டு படுத்துக்கொண்டது.

மறுநாள் பன்றிக்குட்டி எட்டிப் பார்த்தது. "டீச்சர், பெட்டி?"

"கால்ல சேறு. கழுவிட்டு வா."

கழுவிக்கொண்டு வந்தது.

"இப்போ ஈரமா இருக்கு. நாளைக்குப் பார்ப்போம்."

அணிலுக்கு நகம் கூர்மை. மான்குட்டிக்குக் கொம்பு முளைக்கிற வயது. எல்லாருக்கும் நாளைக்குத்தான்.

முன்பெல்லாம் எறும்புத்தின்னி புற்றுக்குப் புற்று குட்டிகளைக் கூட்டிப்போய்ப் பாடம் சொல்லும். இப்போது குகையை விட்டு நகரப் பயம்.

கொக்கு வந்து ஒற்றைக் காலில் நின்றது. "ஏன் டீச்சர், அது பெட்டியா முட்டையா? இப்படி அடைகாக்கிறீங்களே."

"உடைஞ்சா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"வெயிலாவது காட்டுங்க."

"குரங்கு கண்ணுல பட்டா?"

கொக்கு காலை மாற்றி நின்றது. பிறகு குளத்துப் பக்கம் போய்விட்டது.

ஆற்றுக்கு அக்கரையில் நரி ஒரு பள்ளி திறந்தது. அங்கேயும் ஒரு பெட்டி. தொட்டுப் படிக்கலாம். ஆனால் மாதம் ஒரு குடுக்கை தேன் கொடுக்கவேண்டும். மான்குட்டி போயிற்று. அணில்கள் போயின.

தாய்ப்பன்றியிடம் தேன் இல்லை. அது குகை வாசலில் வந்து நின்றது.

"நாளைக்கு நாளைக்குன்னு கேட்டு என் பிள்ளைங்க அலுத்துட்டாங்க டீச்சர். கிழங்காவது தோண்டட்டும்னு கூட்டிட்டுப் போறேன்."

"அடுத்த வாரம் கண்டிப்பா..." என்று எறும்புத்தின்னி தொடங்கியது. பன்றி திரும்பிப் பார்க்காமல் குட்டிகளோடு நடந்தது. சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் இல்லாமல் கொக்கும் வேறு குளம் தேடிப் பறந்தது.

மழைக்காலம் முடிந்ததும் கரடி வந்தது. பாசியை விலக்கிப் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தது.

"ஒரு கீறல்கூட இல்லை. இதுதான் தலைமை. ராஜாகிட்ட சொல்றேன்" என்று கிளம்பியது.

குட்டிகள் எங்கே என்று கரடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எறும்புத்தின்னி அழுதிருக்கும்.

இந்தப் பாராட்டுக்காகத்தான் அது இத்தனை நாள் பட்டினி கிடந்து காவல் காத்தது. கொக்கிடம் சொல்லலாம் என்று திரும்பியது. கொக்கு நிற்கும் இடத்தில் புல் முளைத்திருந்தது.

எறும்புத்தின்னி பெட்டியைத் தூக்கிவந்து பாறைமேல் வைத்தது. வெயில் பட்டும் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டியின் முகம் மெல்ல ஒளிர்ந்தது.

"குழந்தைகளே, எல்லாரும் வந்தாச்சா?"

சருகு ஒன்று உதிர்ந்து பாறைமேல் விழுந்தது.

பெட்டி மறுபடியும் கேட்டது.

"உள்ளேன் அம்மா" என்றது எறும்புத்தின்னி, தனக்கே கேட்காத குரலில்.

பிள்ளைகளுக்கென்று வந்த பொருளைப் பிள்ளைகள் கைபடாமல் காத்தால், பொருள் மிஞ்சும், பிள்ளைகள் மிஞ்சமாட்டார்கள்.