ஆள் கூட்டி வந்த அரிசி

"கமிஷன் வாங்கறது தப்புங்களா, அம்மா?"

செங்கோடன் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நல்லம்மா முறத்தில் பச்சைப்பயறைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. செங்கோடனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருந்தாலும் திருச்செங்கோட்டுப் பக்கம் மனக்கஷ்டம் உள்ளவர்கள் அவள் மடத்துக்குத்தான் வருவார்கள். மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீடு. சுற்றிலும் பிளாட் போட்டு நட்ட மஞ்சள் கற்கள். அவ்வளவுதான்.

செங்கோடனை அங்கே கூட்டி வந்தவன் பொன்னுரங்கம். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பவும் பக்தியாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன தொழில்?" என்றாள் நல்லம்மா.

"நிலம் புரோக்கருங்க. இப்ப நிலம் எங்கீங்க விக்குது? வீடு கட்டறவங்களைப் பார்த்து ஒரு பில்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவேன். வேலை முடிவாச்சுன்னா அவரு எனக்குக் கமிஷன் கொடுப்பாரு."

"பில்டர் எப்படி?"

"நாச்சிமுத்துன்னு பேருங்க. தங்கமான மனுஷன். எனக்கே ஒரு வீடு கட்டணும்னாலும் அவருகிட்டத்தான் போவேன்."

"வீடெல்லாம் நல்லா வருதா?"

"ஒரு விரிசல் பார்க்க முடியாதுங்க."

"அப்புறம் என்ன? நீ அலையறே, அவரு கொடுக்கறாரு. வாங்கிக்க."

செங்கோடன் எழுந்திருக்கவில்லை.

"பாவாயி அக்கான்னு ஒருத்தருங்க," என்றான்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். புரோக்கர் என்றாலே நம் ஆட்களுக்கு இளக்காரம். வேலை ஆகிற வரைக்கும் 'தம்பி, தம்பி'. ஆன பிறகு 'அந்தப் புரோக்கர்ப் பயல்'. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. வெயிலில் அலைந்து நாலு பேருக்கு வீடு அமைத்துக் கொடுத்தவனை ஐந்தாவது நாள் அதே நாலு பேருக்கும் அடையாளம் தெரியாது. செங்கோடனுக்கு அது பழகிப்போயிருந்தது. பாவாயி அக்காதான் அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிட்டாள்.

அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். கணவன் இல்லை. ஓய்வுக்கு வந்த பணத்தை வைத்து ஒரு வீடு கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். செங்கோடன்தான் நாச்சிமுத்துவிடம் கூட்டிப்போனான். பிளான் அப்ரூவலுக்கு அலைந்தான், கரண்டு ஆபீசுக்கு அலைந்தான்.

"அந்தக்கா முதல் நாளே கேட்டுச்சுங்க. 'உங்களுக்கு நான் என்ன தரணும் தம்பி?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க்கா, நீங்க நல்லா இருந்தாப் போதும்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வாயில வந்துருச்சுங்க. தொழில்ல எல்லாரும் சொல்ற பேச்சுதான் அது. அந்தக்கா அதை நெசம்னு நம்பிருச்சு."

"பில்டர் உனக்குக் கொடுத்த காசு எங்கிருந்து வந்துச்சு?"

"எல்லாம் அந்தக்கா கொடுத்ததுல இருந்துதானுங்க வரும். வேற எங்கிருந்து வரும்?"

நல்லம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைங்க. முந்தாநேத்து என் கையைப் புடிச்சிட்டு, 'எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல, பொறந்த வீட்டுச் சீர் நீங்கதான் கொண்டாரணும் தம்பி'ன்னு சொல்லிருச்சு. எனக்கும் அக்கா தங்கச்சி யாரும் இல்லீங்க. கேட்டதும் சந்தோஷத்துல அழுகையே வந்துருச்சு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தா சோறு இறங்க மாட்டேங்குது. சீரை எந்த மூஞ்சியோட தூக்கிட்டுப் போறது? உள்ளதைச் சொல்லி, 'ச்சீ, போ'ன்னுட்டா என்ன பண்றது?"

நல்லம்மா முறத்தைக் கீழே வைத்தாள். செங்கோடனைப் பார்க்கவில்லை. பொன்னுரங்கத்தைப் பார்த்தாள்.

"பொன்னுரங்கம், உள்ளே உன் அரிசியைக் கட்டி வெச்சிருக்கேன். எடுத்துக்க."

பொன்னுரங்கம் திடுக்கிட்டான். "இருக்கட்டுங்கம்மா, அப்புறமா வந்து..."

"ஏன் அப்புறம்? ஆளைத்தான் கூட்டிட்டு வந்துட்டியே."

செங்கோடன் நிமிர்ந்தான். "என்ன அரிசிங்க?"

"இங்கே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா மூணு படி அரிசி. இந்த மடத்து வழக்கம்," என்றாள் நல்லம்மா. எதையும் ஒளிக்கிற பேச்சே அவளுக்குக் கிடையாது.

செங்கோடன் பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினான்.

"டேய்! இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

"அட, இல்லடா."

"காலையில வாசல்ல வந்து நின்னு, 'உன்னைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கலடா மாப்ள, வா, அந்தம்மாகிட்டப் போலாம்'னு சொன்னியே. நானும் நம்பி வண்டியை எடுத்தேனே! என் வண்டி, என் பெட்ரோல்!"

"மனசு கேக்காதது நெசம்டா. ரெண்டு நாளா நீ சாப்பிடலன்னு உங்க வீட்டுல சொன்னாங்க. அரிசி கொடுக்கலைன்னாலும் கூட்டிட்டுத்தான் வந்திருப்பேன்."

"அப்புறம் என்ன கேட்டுக்கு அரிசி?"

பொன்னுரங்கம் தலையைத் தொங்கப்போட்டான். அவன் வேலை பார்த்த லாரிப் பட்டறையைச் சித்திரையிலேயே மூடிவிட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்," என்றான். "உனக்கு நல்லது நடக்கணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். அது சத்தியம்."

"அதை வாய் வலிக்கச் சொன்னியே! அரிசியை மட்டும் ஏன்டா சொல்லல?"

கத்தியேவிட்டான் செங்கோடன். கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது.

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அவன் எழுந்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"நான் கிளம்பறேங்கம்மா."

"என்னவோ கேட்டியே?"

"போதுங்க."

நல்லம்மா மறுபடி முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் எழலாமா, உட்காரலாமா என்று தெரியாமல் விழித்தான். "அரிசிடா?"

"எடுத்துட்டு வா. வண்டியில முன்னாடி வெச்சுக்கலாம். புள்ளைங்க சாப்பிடட்டும்," என்றான் செங்கோடன்.

அன்றைக்குச் சாயங்காலமே பாவாயி அக்காவின் புதுவீட்டுக்குப் போனான். பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. டைல்ஸில் சிந்திய சுண்ணாம்பை அவள் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. காபி போடட்டுமா?"

"வேண்டாங்க்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னான். கமிஷன் வாங்கியதைச் சொன்னான். எவ்வளவு என்பதையும் சொன்னான். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னது பொய் என்றும் சொன்னான்.

பாவாயி அக்காவின் கை நின்றது. அவனை ஏறிட்டுப் பார்த்தாள். இந்த வீட்டுக்காக முப்பது வருஷம் ராத்திரி டூட்டி பார்த்தவள். மனசு நோகத்தானே செய்யும்! கண் கலங்கிவிட்டது. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போ என்றும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டான். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு போனும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சீரை வாங்கிக்கொண்டு போனான். சேலை, பழம், தேங்காய், ஒரு பித்தளைக் குடம். பந்தலுக்கு வெளியிலேயே கால் நின்றுவிட்டது. தட்டு கனத்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான்.

பந்தலில் உட்கார்ந்திருந்த ராசிபுரத்துப் பெரியவர் ஒருவர், பாவாயியின் கணவன் வழிச் சொந்தம், அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா பாவாயி! வாசல்ல யாரோ சீர்த் தட்டோட நிக்கறாங்க. உனக்கு ஏது கூடப்பொறந்தவன்?"

பாவாயி அக்கா வெளியே வந்தாள். தட்டைப் பார்த்தாள். செங்கோடனைப் பார்த்தாள். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இது என் தம்பி. புரோக்கரு. இந்த வீட்டுக்கு பில்டர்கிட்டக் கமிஷன் வாங்கியிருக்கான்."

பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். செங்கோடனுக்குக் காதெல்லாம் சூடேறியது.

"உங்கள்ல யாராச்சும் வீடு கட்டறதுன்னா இவனையே கூப்பிடுங்க," என்றாள் அவள்.

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னடா அங்கேயே நிக்கறே? தட்டைக் கொண்டா உள்ளே, நேரமாகுது."