கொம்பனுக்குப் பயந்த தேக்கு

சிரிப்பு வரும், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். கொஞ்சம் அடக்கி வையுங்கள், சொல்கிறேன்.

மரமும் மிருகமும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் தேக்கு மரமும் மூங்கில் புதரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. தேக்குக்கு உள்ளெல்லாம் வைரம். இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. வருஷம் முழுக்க ஒன்றுகூட உதிராது. மூங்கிலுக்கு உள்ளே வெறும் காற்றுதான். அதனாலோ என்னவோ, யாருடைய குரலும் அதற்கு அப்படியே வரும்.

மூங்கிலுக்கு ஒரே ஒரு கவலை. கொம்பன் யானை பூனை மாதிரிச் சத்தமில்லாமல் வந்து, புதிதாக முளைத்த குருத்தையெல்லாம் தின்றுவிடும். ஒரு பிள்ளைகூட மிஞ்சவில்லை.

“அண்ணாச்சி, நீங்க உசரமா நிக்கிய. கொம்பன் வந்தா ஒரு குரல் குடுங்க. தேனீக் கூட்டம் மாதிரி இரைஞ்சு அவனை விரட்டிருதேன்” என்றது மூங்கில்.

“ஏலே, நான் என்ன ஒனக்குக் காவக்காரனா? ஒம் பிள்ளைய அவன் தின்னா எனக்கென்ன?” என்றது தேக்கு.

மறுநாள் காலை, பனி மூடி எதுவும் தெரியாத நேரத்தில், கட்டைக் குரல் ஒன்று கேட்டது.

“யாருப்பா அங்க? எலை நல்லா அகலமா இருக்கே! வெயில் காலம் பொறக்கட்டும், வந்து கொப்போட முறிச்சுத் திங்கேன்.”

கொம்பன்தான் என்று பயந்துபோனது தேக்கு. “எலையா? எங்கிட்ட ஏதுய்யா எலை?” என்று ஒன்று விடாமல் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. கீழே விழுந்த இலையெல்லாம் வெயிலில் அப்பளமாய்க் காய்ந்தது.

ஒருநாள் நிஜக் கொம்பனே வந்தான். மொறுக்... மொறுக்... காலடியில் சருகு நொறுங்கியது. மூங்கில் உஷாராகி “ங்ஙொய்ய்ய்” என்று இரைந்தது. தேனீ என்று பயந்து கொம்பன் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“கொம்பய்யா, பாருங்க, எங்கிட்ட எலையே இல்ல!” என்று தேக்கு கத்தியது.

“ஒன் எலைய எவன் திம்பான்? நாக்கெல்லாம் சொரசொரங்கும்!” ஓடியபடியே சொன்னான் கொம்பன்.

தேக்கு யோசித்தது. ‘அப்போ அன்னைக்குப் பேசினது யாரு?’

பக்கத்துப் புதரிலிருந்து அதே கட்டைக் குரல்: “யாருப்பா அங்க?”

“ஏலே... நீயா!”

இப்போது சிரிக்கலாம்.

அன்றைக்குக் கோபத்தில் ஏறிய சிவப்புதான், இன்றும் தேக்கங்கொழுந்தைக் கசக்கினால் நம் விரலில் ஒட்டுகிறது. ஆனாலும் வெயில் காலம் பிறந்து அந்தக் கட்டைக் குரல் கேட்டால், தேக்கு இலையை உதிர்த்துவிடும். மூங்கிலின் வேலைதான் என்று அதற்குத் தெரியும். ஒருவேளை இந்தத் தடவை நிஜக் கொம்பனாக இருந்துவிட்டால்?