தோட்டாக்கூட்டில் ஒரு பேனா

நடைபாதையில் பழைய சாமான் விற்ற சூசையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கியின் தோட்டாக்கூட்டைத் தேக்குப் பலகையில் பொருத்தி, எந்தக் காலத்திலோ யாரோ செய்த பேனா ஸ்டாண்டு ஒன்று அவன் கடையில் கிடந்ததுதான் குற்றம்.

அவன் மனைவி சவேரியாள் அழுது ஓய்ந்து ஸ்டேஷன் படியேறினாள். பார்வையிட வந்திருந்த டி.எஸ்.பி.க்கு எதிரே இன்ஸ்பெக்டர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிடிபட்ட சாமான் அவர் மேஜை மேலேயே இருந்தது.

"ஐயா, அது பேனா வைக்கிறதுங்க."

"ஆயுதம்மா அது. பேனா ஸ்டாண்டுன்னு நிரூபி, உன் புருஷனை விட்டுடறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளிடம் ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. "அப்போ ஒரு மனுவாவது எழுதித் தர்றேன். பேனா இருந்தா குடுங்கய்யா."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்காமலே கையை நீட்டி, தோட்டாக்கூட்டிலிருந்து ஒரு பேனாவை உருவிக் கொடுத்தார்.

அவள் அதை வாங்காமல் டி.எஸ்.பி.யைப் பார்த்தாள். "நிரூபிச்சாச்சுங்களா ஐயா?"

டி.எஸ்.பி. வாய்விட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. "அவனை விடுய்யா" என்று உத்தரவு வந்தது.

சூசை சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். தெருவில் அவனைத் தாங்கி நடத்தியபடியே சவேரியாள் நடந்ததைச் சொன்னாள். அவள் எது சொன்னாலும் கடகடவென்று சிரிக்கிறவன் அவன். இப்போதும் சிரிக்கத்தான் பார்த்தான். உடைந்த தாடை விடவில்லை.