ஆட்காட்டிக்குக் கிடைத்த பட்டா

கண் முன்னே கிடக்கும், கண்ணில் படாது. பார்த்தால் கல், உள்ளே உயிர். அது என்ன? சொல்லுங்கள் பார்க்கலாம்!

ஆட்காட்டிப் பறவையின் முட்டை.

ஒரு காட்டு ஏரியின் மேற்குக் கரையில் சரளைக்கல் மேடு ஒன்று இருந்தது. அங்கே ஓர் ஆட்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு கிடையாது. மறைப்பு கிடையாது. முட்டைகள் கற்களோடு கற்களாகக் கிடந்தன. யாராவது அந்தப் பக்கம் வந்தால், ஆட்காட்டி கிழக்குக் கரைக்குப் பறந்து போகும். அங்கேதான் முட்டை இருப்பதுபோலக் கூப்பாடு போடும். வந்தவர்கள் ஏமாந்து கிழக்கே ஓடுவார்கள்.

அந்த ஆண்டு சிங்கராஜா ஓர் ஆணை போட்டார்.

"இடத்துக்காக இனி யாரும் அடித்துக்கொள்ளக் கூடாது. அவரவர் இடத்தைப் பதிவு செய்யுங்கள், பட்டா தருகிறேன். பதிவில்லாத இடம் கேட்பவருக்குப் போகும்!"

அளக்கும் வேலை உடும்புக்குக் கிடைத்தது. அது வாலால் அளந்துகொண்டே சரளை மேட்டுக்கு வந்தது. உடும்பைக் கண்டதும் ஆட்காட்டிக்கு ஆணையும் மறந்தது, பட்டாவும் மறந்தது. கிழக்குக் கரைக்குப் பறந்து போய்க் கத்தித் தீர்த்தது.

"சரி, சரி, காது கேட்கிறது!" என்றது உடும்பு. 'ஆட்காட்டி, கிழக்குக் கரை' என்று எழுதிக்கொண்டது. மேட்டைச் சுற்றிப் பார்த்தது. வளை இல்லை, கூடு இல்லை. 'தரிசு' என்று எழுதியது.

மறுநாளே நரி மனுப் போட்டது. வளை தோண்ட அந்த மேடு வேண்டுமாம்.

ஆட்காட்டி பதறிக்கொண்டு உடும்பிடம் ஓடியது. "ஐயா, மேடு என்னுடையது! என் முட்டைகள் அங்கேதான் இருக்கின்றன!"

"கிழக்கே என்று நீதானே கத்தினாய்? அரசாங்கத்திடமே பொய்யா?"

"பொய் இல்லை ஐயா. உங்களைப் போன்றவர்களைக் கண்டால் நாங்கள் அப்படித்தான் கத்துவோம்."

"என்னைப் போன்றவர்களா! வேலையில் இருக்கும்போது நான் முட்டை தின்பதில்லை!" உடும்பு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "நேரில் காட்டு, திருத்தித் தருகிறேன். ஆனால் மனுப் போட்ட நரியும் கூட இருக்க வேண்டும். அதுதான் சட்டம்."

ஆட்காட்டி திகைத்து நின்றது. காட்டாவிட்டால் நரி தோண்டும், முட்டைகள் மண்ணுக்குள் போகும். காட்டினால் நரி பார்த்துவிடும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது.

மூவரும் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். "என்ன அக்கா, யோசனை பலமாக இருக்கிறதே?" என்றது நரி. "இருந்தால் காட்டுங்கள். மழைக்கு முன்னால் நான் தோண்டியாக வேண்டும்!"

ஆட்காட்டி மேட்டின்மேல் நடந்தது. முட்டைகளின் பக்கத்தில் நின்றது. வாழ்நாளில் முதல் முறையாகச் சரியான இடத்தில் நின்று கத்தியது.

"அட, இங்கேயா! இதைத் தாண்டித்தானே தினமும் போகிறேன்!" என்றது நரி.

உடும்பு பதிவை நேர்மையாகத் திருத்தியது. தேக்கிலையில் சிங்கராஜாவின் நகக்குறி பதித்துப் பட்டா வந்தது. நரி மறுபேச்சில்லாமல் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது.

வெயில் ஏறியது. முட்டைகளைக் குளிரவைக்க வயிற்றை நனைத்து வரலாம் என்று ஆட்காட்டி ஏரிக்குப் போனது. திரும்பி வந்தபோது ஒரே ஒரு முட்டைதான் மிச்சம். நரி வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"இது என் இடம்! பட்டா இருக்கிறது!" என்று ஆட்காட்டி அலறியது.

"யார் இல்லை என்றது? இடம் உங்களுடையதுதான் அக்கா. நான் இடத்தையா தின்றேன்?"

தண்ணீர் குடிக்க எருமைக் கூட்டம் வந்ததால் நரி நழுவியது. ஆட்காட்டி உடும்பிடம் போய் அழுதது.

"நிலம் காணாமல் போயிருந்தால் சொல்," என்றது உடும்பு. "முட்டை என் இலாகா இல்லை."

மிஞ்சிய முட்டை பொரிந்தது. குஞ்சு ஓடப் பழகியதும் ஆட்காட்டி பட்டாவை அதன் முன்னால் வைத்தது.

"இந்த மேடு இனி உனக்கு. யாரும் உன்னை வெளியேற்ற முடியாது."

"இந்த மேடு நரிக்குத் தெரியுமா, அம்மா?"

"தெரியும்."

குஞ்சு பட்டாவை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் யாரும் அளக்காத வடக்குக் கரைக்கு ஓடிப்போய், கற்களுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

காவல் தராமல் கொடுக்கும் உரிமை, எளியவரின் இருப்பிடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுப்பதில்தான் முடியும்.